அதையேதான் திரும்பச் சொல்கிறார்

ஆரம்பாக்கம்
10.12.2006

அன்புள்ள செண்பகத்துக்கு,

அன்று உன் நைனாவிடம் "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க மாமா" என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஏன் குடையில்லாமல் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கம்பெனி கேட்டுக்குப் போகும் வழி இடது பக்கம் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் வலது பக்கம் போய், துருப்பிடித்த குழாய்க் குவியல் வரைக்கும் நடந்து, வழி இல்லை என்று தெரிந்து திரும்பி, என் ஜன்னலைத் தாண்டித்தான் வெளியே போனார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கம்பெனிக்கு வந்திருந்தார். ஏதோ நிலம் சம்பந்தமான பேச்சு. பெரிதாக ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறார். உன்னைப் பற்றித்தான் முதலில் சொன்னார். "எங்க செண்பகம் முழுவாம இருக்குது, தெரியுமா?" என்று, கம்பெனி வரவேற்பு அறையில், எல்லோர் காதிலும் விழும்படி. எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

இங்கே எல்லோரும் நலம். காலையில் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ரயிலில் இப்போது நிற்கவும் இடமில்லை. புதிதாக இரண்டு தொழிற்சாலைகள் திறந்திருக்கிறார்கள். அப்பா வழக்கம்போல வயலும் வரப்புமாக இருக்கிறார். என் சம்பளத்தில் அவருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு நாற்பது வயது குறைந்த மாதிரி நடக்கிறார் என்று அம்மா கேலி செய்கிறாள்.

உனக்கு வாந்தி நின்றதா? புளிப்பு எதுவும் வேண்டுமென்றால் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு. படிக்கப் புத்தகம் அனுப்பட்டுமா?

உன் அன்பு மாறாத
ரம்யா


ஆர்.கே.பேட்டை
17.12.2006

அடி ரம்யா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். வாந்தியும் நலமாக வந்துகொண்டிருக்கிறது.

போன் செய்யலாமே என்று நீ நினைக்கலாம். இந்த வீட்டில் போன் இருப்பது கீழே உரக்கடையில். நான் பேசினால் இவர் கணக்கு எழுதுவதை நிறுத்திவிடுவார், அத்தை உளுந்து புடைப்பதை நிறுத்திவிடுவார், உரம் வாங்க வந்தவர்கள்கூட உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் எனக்குக் கடிதம்தான் வசதி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எதையாவது மறைக்கும்போது உன் கையெழுத்து அழகாகிவிடும். கணக்கு டீச்சரிடம் பொய் சொல்லி எழுதிக் கொடுத்த லீவ் லெட்டரை அவர் பிரேம் போட்டு மாட்டலாம் என்றார், நினைவிருக்கிறதா? இந்தக் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் கோலம்.

"நன்றாக இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இருப்பவரைப் பற்றி யாரும் அப்படி எழுதுவதில்லை, ரம்யா. இருமுகிறார், தலையில் நரை ஏறிவிட்டது, வெற்றிலையை விடமாட்டேன் என்கிறார் என்றுதான் எழுதுவார்கள்.

நைனா குத்தகைக்கு வைத்திருக்கும் நிலத்தைச் சென்னைக்காரர் விற்கப் போகிறார் என்று ஆடி மாதமே பேச்சு வந்தது. "நாத்து உட்டாச்சி, இனிமே அறுப்பு வரைக்கும் யாரும் இன்னாவும் பண்ண மாட்டாங்க" என்று நைனா சொன்னார். அதை வாங்கியது உங்கள் கம்பெனிதானா? பயிர் என்ன ஆச்சு? அம்மாவுக்கு இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். கோயில், குளம், பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது, எல்லாம் எழுதுகிறாள். வயலைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. மறைத்தால்தான் தூக்கம் வரவில்லை. நீயாவது சொல்.

செண்பகம்


ஆரம்பாக்கம்
24.12.2006

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அம்மா சந்தையில் என் கையைப் பிடித்துச் சொன்னார். "அது வாயும் வயிறுமா கீது. நீ பாட்டுக்கு எதையும் எழுதிப் புடாதே." ஆனாலும் நீ கேட்டபின் மறைப்பது சரியாகாது. உட்கார்ந்து படி.

பயிர் இல்லை. பதினான்காம் தேதி ஜேசிபி வந்து நிலத்தைச் சமன் செய்துவிட்டது.

வாங்கியது எங்கள் கம்பெனிதான். இரண்டாவது ஷெட் கட்டுவதற்கு. குத்தகைக்கு எழுத்து இல்லாவிட்டாலும் பயிருக்கு நஷ்ட ஈடு கொடுத்துவிட்டார்கள், முழு விளைச்சல் வந்தால் என்ன கிடைக்குமோ அது. அதில் யாரும் ஏமாற்றவில்லை. உன் நைனா காசைப் பற்றிப் பேசவும் இல்லை. தை அறுப்பு வரைக்கும் விடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தார். எங்கள் மேனேஜர் மைத்தி சாருக்குத் தமிழ் தெரியாது. வங்காளத்துக்காரர். அதனால் உன் நைனா சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஜேசிபி ஓட்டியவர் பழவேற்காட்டு மொஹசின் பாய். வயலைப் பார்த்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாராம். "நான் ஓட்டலன்னா வேற ஒர்த்தன் வந்து ஓட்டுவான். நீ இங்க நின்னு பாக்காதே நைனா. ஊட்டுக்குப் போ. நீ அந்தத் திருப்பம் தாண்டற வரைக்கும் வண்டி எடுக்க மாட்டேன்" என்றாராம். அப்படியே காத்திருந்தாராம். அப்பா சொன்னார்.

மனதை அலட்டிக்கொள்ளாதே. உன் நைனா அடுத்த போகத்துக்கு வேறு நிலம் பார்க்கிறார். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன்
ரம்யா


ஆர்.கே.பேட்டை
18.1.2007

என் ரம்யாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அழுதேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் மோர் வைத்துவிட்டுப் போனார். அவரைப் பற்றி இதுவரை உனக்கு எழுதியதில் பாதியை அழித்துவிடு.

நைனா பொங்கல் சீரோடு வந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், அரிசி. அரிசியைக் கையில் அள்ளினதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடை அரிசி. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "ஒரு வருசம் கடையில வாங்கித் துன்னா செத்தா போயிடுவோம்?" என்றார். நானும் சிரித்தேன்.

உன்னைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "ரம்யா இல்லன்னா நான் பேசனது அங்கயே காத்துல போயிருக்கும். அந்தப் பொண்ணு என் வார்த்தய அப்பிடியே இங்கிலீசுல எடுத்துச் சொல்லுச்சி. ஒரு வாட்டி இல்ல, ரெண்டு வாட்டி. பெரிய ஆபீசரு முன்னால, பயமே இல்லாம. அவனுக்குத்தான் மனசு எறங்கல. எறங்கலன்னா இன்னா பண்றது? கோதும துன்றவனுக்கு நெல்லப் பத்தி இன்னா தெரியும்?"

அவருக்கு அதுதான் ஆறுதல், ரம்யா. பயிர் போனது போனதுதான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடவில்லை, அது போய்ச் சேர்ந்தது, கேட்டுவிட்டுத்தான் மறுத்தான் என்கிறார். கேட்காமல் செய்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார்.

உன் கையெழுத்தைக் கிண்டல் செய்ததற்கு மன்னித்துக்கொள். நீ மறைத்தது என் நல்லதுக்குத்தானே.

மொச்சை வந்து சேர்ந்ததா? ஜேசிபி வருவதற்கு முதல் நாள் வரப்பிலிருந்து பறித்துக் காயவைத்தது. "ரம்யா ஊட்டுக்குன்னு தனியா எடுத்து வெச்சிட்டேன்" என்றார். எங்களுக்குக்கூட அவ்வளவு கொண்டுவரவில்லை.

மாசியில் வளைகாப்பு. நீதான் முதலில் வளை போட வேண்டும்.

உன் செண்பகம்


ஆரம்பாக்கம்
28.1.2007

செண்பகம்,

மொச்சை வந்தது. உன் நைனாவே கொண்டுவந்து கொடுத்தார். அம்மா பொங்கலுக்குக் குழம்பு வைத்தாள். நானும் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. ருசியாக இருந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று நடந்ததை எழுதுகிறேன். போன கடிதத்தில் எழுதியது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

அறையில் மைத்தி சார், சென்னையிலிருந்து வந்த இரண்டு இன்ஜினியர்கள், நான். உன் நைனாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. தை அறுப்பு வரைக்கும் விடச் சொல்லிக் கேட்டார். நான் ஆங்கிலத்தில், "பயிர் இன்னும் விளையவில்லை, அவகாசம் கேட்கிறார்" என்றேன். மைத்தி சார், "விளைந்தால் கிடைப்பதை முழுவதுமாகக் கொடுக்கிறோமே, அவருக்கு நஷ்டமில்லையே" என்றார். அதை உன் நைனாவிடம் சொன்னேன்.

அப்போது உன் நைனா சொன்னது இது. ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "காசு இல்லம்மா. பயிரு வாயும் வயிறுமா நிக்கிது. அது மேல இரும்ப ஏத்தக் கூடாது. பெத்துப் பொழச்சிக்கட்டும். அப்பால நானே வந்து வரப்ப வெட்டி உங்க வண்டிக்கு வழி உடறேன். அவரும் ஒரு தாய் வயித்துல பொறந்தவருதானே, சொல்லும்மா."

மைத்தி சார் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்றார்.

நான், "ஒன்றுமில்லை சார். அதையேதான் திரும்பச் சொல்கிறார்" என்றேன்.

"ரெண்டு வாட்டி" என்று உன் நைனா சொன்னாரே, அந்த இரண்டாவது முறை இதுதான்.

ஆங்கிலத்தில் சொல் கிடைக்கவில்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. கர்ப்பிணி என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் இருக்கிறது. எனக்குத் தெரியும். "இந்தப் பெரியவர் நெல்லைக் கர்ப்பிணி என்கிறார்" என்று சொன்னால் அந்த இரண்டு இன்ஜினியர்களும் சிரிப்பார்கள் என்று தோன்றியது. உன் நைனாவைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நான் கவலைப்படவில்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றுதான். அந்தப் பேச்சு என்னுடைய பேச்சும்தான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் அப்பாவும் கதிர் சூல் கொண்டபின் வயலில் சத்தம் போட்டுப் பேசமாட்டார். அந்த வீட்டில் பிறந்தவள் நான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் ஒருவேளை உனக்கு எழுதியிருக்கமாட்டேன். நாம் படித்த கதைகளில் எல்லாம் கஷ்டப்படுகிறவர்களோடு சேர்ந்து அழுதிருக்கிறோம். ஆஸ்டல் விளக்கை அணைத்த பிறகும் டார்ச் வைத்துப் படித்து அழுதிருக்கிறேன். புத்தகத்துக்குள் இருக்கும் ஆளுக்காக அழுவது எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிகிறது. எதிரில் நிற்பவர், அதிலும் எனக்குத் தெரிந்தவர், அவர் சொன்னதை அடுத்தவருக்குச் சொன்னால் போதும். வேறு எதுவும் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது மைத்தி சார், பொங்கல் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் மேதினிப்பூர்ப் பக்கம். அப்பா நெல் விவசாயி. உன் நைனா நினைப்பதுபோல் கோதுமை தின்கிறவர் இல்லை, மூன்று வேளையும் சோறு. தன் ஊர் வழக்கத்தைச் சொன்னார். புரட்டாசி மாதக் கடைசியில், நெல் சூல் கொண்டிருக்கும்போது, வயலுக்குச் சீமந்தம் செய்வார்களாம். கர்ப்பிணிக்குக் கொடுப்பதுபோல் புளிப்பும் பலகாரமும் விடியற்காலையில் வயலுக்குக் கொண்டுபோவார்களாம். சிறு வயதில் அவர் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் போயிருக்கிறார். "நீ சிரிப்பாய், எங்களுக்கு நெல் வீட்டுப் பெண் மாதிரி" என்றார்.

நான் சிரிக்கவில்லை. "சார், அன்று வந்த பெரியவர் அதைத்தான் சொன்னார்" என்றேன்.

அவருக்கு உடனே நினைவு வந்துவிட்டது. "நீ, அதையேதான் திரும்பச் சொல்கிறார் என்றாய்" என்றார்.

ஷெட் வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். பிறகு, "மேற்குப் பக்கம் வேலிக்காத்தான் காடு கிடந்தது. அங்கிருந்து ஆரம்பித்திருப்பேன். வயல் பக்கம் வர எப்படியும் மாசி ஆகியிருக்கும். எனக்கு அதனால் ஒரு செலவும் இல்லை" என்றார். திட்டவில்லை. அதன்பின் வெளியாட்களிடம் பேசும்போது என்னைக் கூப்பிடுவதில்லை. ஸ்டோர்ஸிலிருந்து சடையப்பனைக் கூப்பிடுகிறார். சடையப்பனுக்கு ஆங்கிலம் அரைகுறை. கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். ஆனால் எல்லாவற்றையும் சொல்கிறார்.

மைத்தி சாருக்கு மனசு இல்லை என்று நான்தான் முடிவு செய்தேன். உன் நைனாவின் பேச்சு கேலிக்குரியது என்றும் நான்தான். இரண்டு பேரும் ஒரே மொழி பேசினார்கள். நடுவில் நான் நின்றேன்.

உன் நைனாவை நேரில் பார்த்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

ரம்யா


ஆர்.கே.பேட்டை
11.2.2007

ரம்யா,

இந்த முறை உன் கையெழுத்து கோணலாக இருந்தது. அதனால் ஒவ்வொரு வரியையும் நம்பினேன்.

இரண்டு வாரம் பதில் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேனோ என்று பயமாக இருந்தது. இவர், "இன்னா, உன் சிநேகிதி லெட்டர் வந்ததுல இருந்து பேஜாரா கீறே?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பார், நானும் ஒன்றுமில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

நைனாவிடம் சொல்லப் போவதாக எழுதியிருக்கிறாய். சொல்லக்கூடாது.

அவரிடம் நிலம் இல்லை, பயிர் இல்லை. தன் வார்த்தை போய்ச் சேர்ந்தது என்ற ஒன்றுதான் இருக்கிறது. சொல்லிவிட்டால் உன் பாரம் இறங்கும். இறக்கி எங்கே வைப்பாய்? அவர் தலையில். அன்று உன் கௌரவத்தைப் பார்த்தாய். இன்று உன் நிம்மதியைப் பார்க்கிறாய். இரண்டு தடவையும் அவர் எங்கே இருக்கிறார், ரம்யா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. நீ நிறையப் படித்தவள், உனக்குத் தெரிந்திருக்கும்.

நைனா வெற்றிலை பாக்கோடு உன்னை வளைகாப்புக்கு அழைக்க வருவார். வந்துவிடு. வராவிட்டால் ஏன் என்று என்னைத்தான் கேட்பார். வந்து வளை போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ. அவர் உன்னைப் புகழ்ந்தால் கேட்டுக்கொள். மறுக்காதே, தலையைக் குனியாதே. அதைச் சுமப்பது உன் வேலை. என்னிடம் தனியாகப் பேச வராதே.

செண்பகம்


ஆரம்பாக்கம்
19.8.2007

அன்புள்ள செண்பகத்துக்கு,

வளைகாப்பில் நீ சொன்னபடியே நடந்துகொண்டேன். உன் நைனா என்னை உன் பெரிய மாமனாரிடம் கூட்டிக்கொண்டு போய், "எங்களுக்காகக் கம்பெனிக்காரங்கிட்ட நின்னு பேசன பொண்ணு இதான்" என்றார். கேட்டுக்கொண்டேன். உனக்குப் பச்சை வளை போட்டபோது நீ கையை நன்றாகத்தான் நீட்டினாய். முகத்தை மட்டும் விளக்குப் பக்கம் வைத்திருந்தாய். சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நான் போட்ட இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. இதற்கும் வேண்டாம்.

பெண் குழந்தை பிறந்திருப்பதை ஸ்டேஷனில் உன் நைனா சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். "இதுக்கும் நல்லா இங்கிலீசு கத்துக் குடுக்கணும் கண்ணு. நம்ம பேச்ச எடுத்துச் சொல்ல நம்ம ஊட்டுல ஒரு ஆளு வோணுமில்ல?" என்றார்.

"ஆமாம் மாமா" என்றேன்.

மூட்டு வலிக்கிறது என்றார். அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்கவில்லை. கடம்பத்தூரில் ஒருவர் தோட்டத்துக்குக் காவலாகப் போகிறார். வெற்றிலையை விடவில்லை. நீ கேட்காவிட்டாலும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

மைத்தி சார் மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டாவது ஷெட்டைக் கம்பெனி வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டது. உங்கள் வயலைச் சுற்றிக் காம்பவுண்ட் சுவர் எழுப்பினார்கள். உள்ளே இன்றுவரை எதுவும் கட்டவில்லை.

ரம்யா